ஸ்டெல்த் விமானத்தின் வயிற்றுக்குள் ஒரு பங்கர் பஸ்டர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் ஏழு பி-2 குண்டுவீச்சு விமானங்கள் ஈரானின் ஃபோர்டோ, நதான்ஸ் அணு நிலையங்கள் மீது 14 ராட்சதக் குண்டுகளைப் போட்டன. ஒவ்வொன்றும் 13,600 கிலோ. அதன் பிறகு ராணுவ விஷயங்களில் ஆர்வம் உள்ளவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இவ்வளவு பெரிய குண்டும் அதைச் சுமக்க இவ்வளவு பெரிய விமானமும் தேவைதானா? சின்னக் குண்டின் பின்னால் ஒரு ராக்கெட்டைப் பொருத்தி, ரேடாருக்கு எளிதில் சிக்காத எஃப்-35 போன்ற ஸ்டெல்த் போர் விமானத்தின் உள்ளே வைத்துக்கொண்டு போக முடியாதா? முடியும், ஆனால் ஓர் எல்லை வரைதான். அந்த எல்லை எங்கே, ஏன் என்பதைத்தான் கீழே பார்க்கப்போகிறோம்.

பங்கர் பஸ்டர் சாதாரணக் குண்டிலிருந்து எதில் மாறுபடுகிறது?

சாதாரணக் குண்டின் ஓடு மெல்லியது. எடையில் ஏறத்தாழப் பாதி வெடிமருந்து. தரையைத் தொட்டதும் வெடிக்கும், சேதம் மேற்பரப்பில் பரவும். பங்கர் பஸ்டர் நிலத்தடிப் பதுங்கு கூடங்களை உடைக்கும் குண்டு, அதன் எடையில் பெரும்பங்கு எஃகு. அமெரிக்காவின் பிஎல்யு-109 சுமார் 875 கிலோ எடை கொண்டது. அதில் வெடிமருந்து 240 கிலோ அளவுதான், மீதியெல்லாம் தடித்த எஃகு உடல். முதலில் கூரையைத் துளைத்து உள்ளே போக வேண்டும், அப்புறம்தான் வெடிக்க வேண்டும். வெடிமருந்தைக் குறைத்து எஃகைக் கூட்டுவது அதற்காகத்தான்.

எவ்வளவு ஆழம் இறங்கும் என்பதை எது தீர்மானிக்கிறது?

முக்கியமாக மூன்று: குண்டின் குறுக்குப் பரப்பில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் பின்னால் எவ்வளவு எடை இருக்கிறது, மோதும்போது என்ன வேகம், எதிரே இருப்பது மண்ணா கான்கிரீட்டா பாறையா. மூக்கின் வடிவத்துக்கும் பங்கு உண்டு. மண்வெட்டி இறங்காத கட்டாந்தரையில் கடப்பாரை இறங்குவது ஏன் என்று யோசித்தால் முதல் விஷயம் புரிந்துவிடும்.

வெளியே தெரிந்த எடையையும் விட்டத்தையும் வைத்தே ஒரு கணக்குப் போடலாம். பிஎல்யு-109-இன் விட்டம் 37 சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.8 கிலோ வருகிறது. அதே விட்டத்தில் நீளத்தைக் கூட்டிச் செய்த ஜிபியு-28 இரண்டு டன்னுக்குச் சற்று மேல். அதற்குச் சுமார் 2 கிலோ. ஃபோர்டோ மீது விழுந்த ஜிபியு-57-இன் விட்டம் 80 சென்டிமீட்டர், அதற்கு 2.7 கிலோ. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பார்ன்ஸ் வாலிஸ் வடிவமைத்த 10 டன் கிராண்ட் ஸ்லாம் குண்டுக்கு ஒரு கிலோகூட வரவில்லை, ஏனென்றால் அதன் விட்டம் 117 சென்டிமீட்டர். மொத்த எடையில் ஜிபியு-28-ஐப் போல நான்கரை மடங்கு இருந்தும் இந்தக் கணக்கில் கிராண்ட் ஸ்லாம் பின்தங்குகிறது. நீளமும் ஒல்லியுமாக இருப்பதுதான் இந்த ஆயுதத்தின் இயல்பான உருவம். இந்த நீளம் பின்னால் பெரிய சிக்கலைக் கொண்டுவரும் என்பதை நினைவில் வையுங்கள்.

அப்படியானால் நீளமாகவும் கனமாகவும் செய்துவிட்டுப் போகலாமே?

1991-இல் அமெரிக்கா செய்தது அதைத்தான். வளைகுடாப் போரின்போது ஈராக்கின் ஆழமான கட்டளை மையங்கள் பிஎல்யு-109-க்கு அசையவில்லை. புதிதாக எஃகு உருக்கி, வார்த்து, கடைந்து எடுக்க நேரமில்லை. நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் வாட்டர்வ்லியட் ஆயுதச் சாலையில் பயனிழந்த 203 மில்லிமீட்டர் பீரங்கிக் குழல்கள் கிடந்தன. பீரங்கி வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்கச் செய்த எஃகு அது, தடித்தது, நீளமானது. அவற்றை வெட்டிக் கடைந்து, உள்ளே வெடிமருந்தை ஊற்றி, முன்னும் பின்னும் லேசர் வழிகாட்டும் கருவியைப் பொருத்தினார்கள். சோதனை ஒன்றில் பாலைவன மண்ணுக்குள் 30 மீட்டருக்கும் கீழே போய்விட்டது. ராக்கெட் வண்டியில் வைத்து மோதவிட்டபோது 6.7 மீட்டர் கான்கிரீட்டைத் துளைத்தது. பிப்ரவரி தொடக்கத்தில் குழல்கள் வேலைக்கு எடுக்கப்பட்டன. பிப்ரவரி 27 இரவு எஃப்-111எஃப் விமானங்கள் பாக்தாத்துக்கு வடக்கே அல்-தாஜி தளத்தின் மீது இரண்டு குண்டுகளைப் போட்டன. மறுநாள் போர் நின்றது.

ஆயுதத் தொழில்நுட்ப வரலாற்றில் இவ்வளவு வேகமாக நடந்த வேலைகள் மிகக் குறைவு. ஆனால் ஜிபியு-28-இன் நீளம் 5.8 மீட்டர். எஃப்-111 இறக்கைக்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு போனது. எஃப்-15இ விமானமும் வெளியேதான் சுமக்கும். எந்த ஸ்டெல்த் போர் விமானத்தின் உள்ளேயும் அது நுழையாது.

வெளியே தொங்கவிட்டால் என்ன ஆகிவிடும்?

ரேடாரில் தெரிந்துவிடும். ஸ்டெல்த் விமானத்தின் உடல் ஒவ்வொரு வளைவும் விளிம்பும் கணக்குப் பார்த்துச் செய்தது, தன் மீது படும் ரேடார் அலையை வந்த திசைக்கே திருப்பி அனுப்பாமல் இருப்பதற்காக. அதன் கீழே உருண்டையான ஒரு குண்டு, நான்கு துடுப்புகள், தொங்கவிடும் தாங்கி எல்லாவற்றையும் மாட்டினால் அந்த உழைப்பு முழுவதும் வீண். ஆழமான பங்கர்கள் பெரும்பாலும் பலத்த வான் பாதுகாப்புக்கு நடுவில்தான் இருக்கும். ஆகவே உள்ளே வைக்க முடிந்த ஆயுதம்தான் அங்கே பயன்படும்.

ஆயுத அறை எவ்வளவு பெரியது?

விமானத்துக்கு விமானம் மாறும். அதில் என்னென்ன நுழைகின்றன என்று பார்ப்பதே நல்ல அளவுகோல்.

எஃப்-22-இன் அறை வான்போர் ஏவுகணைகளை மனத்தில் வைத்துச் செய்தது. நீளம் உண்டு, ஆழம் குறைவு. 450 கிலோ வகைக் குண்டு இரண்டு வைக்கலாம், 900 கிலோ வகை நுழையாது. எஃப்-35ஏ, எஃப்-35சி இரண்டிலும் இரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் 900 கிலோ வகைக் குண்டு ஒன்றும் ஒரு வான்போர் ஏவுகணையும் வைக்கலாம். செங்குத்தாக இறங்கும் எஃப்-35பி-யில் தூக்குவிசை விசிறி இடத்தைப் பிடித்துக்கொள்வதால் அறை சிறியது, 450 கிலோ வகையோடு நின்றுவிடும்.

பிஎல்யு-109-ஐ வைத்துச் செய்த, செயற்கைக்கோள் வழிகாட்டும் ஜேடாம் குண்டின் நீளம் சுமார் 3.8 மீட்டர். நார்வேயின் ஜேஎஸ்எம் ஏவுகணை 4 மீட்டர். ஜேசாவ் சறுக்குக் குண்டு 4.1 மீட்டர். இவையெல்லாம் எஃப்-35-இன் பெரிய அறைக்குள் போகின்றன. இஸ்ரேலின் ராம்பேஜ் ஏவுகணை 4.7 மீட்டர், ஆகவே வெளியேதான். ஆக, ஏறத்தாழ 4 மீட்டர் நீளமும் 900 கிலோ அளவு எடையும் என்பதுதான் இந்த வகை விமானத்துக்கு ஆயுதம் செய்பவர்களின் சட்டகம். ரஷ்யாவின் சு-57 ஸ்டெல்த் போர் விமானத்துக்காகச் செய்த கேஎச்-59எம்கே2 ஏவுகணை 4.2 மீட்டர். அங்கேயும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

நீளம், விட்டம், எடை: எது முதலில் இடிக்கும்?

என் கணிப்பில் நீளம். எடை கூடினால் எரிபொருளைக் குறைத்துக்கொண்டோ தூரத்தைக் குறைத்துக்கொண்டோ சமாளிக்கலாம். அறைக் கதவு மூடவில்லை என்றால் அதற்கு மேல் பேச்சில்லை.

அடுத்து இடிப்பது துடுப்புகள். உடலின் விட்டம் மட்டும் பார்த்தால் போதாது, துடுப்போடு சேர்த்த அகலம்தான் கணக்கு. அமெரிக்காவின் எஃப்-117 ஸ்டெல்த் விமானத்துக்காக ஜிபியு-24 லேசர் குண்டின் பெரிய வால் இறக்கைகளை எடுத்துவிட்டுச் சிறியவற்றைப் பொருத்தியபோது கிடைத்ததுதான் ஜிபியு-27. எஃப்-22-க்குள் ஆறு ஆம்ராம் வான்போர் ஏவுகணைகள் அடங்க வேண்டும் என்பதற்காக அவற்றின் துடுப்புகளையே நறுக்கிச் சிறிதாக்கினார்கள். ரேடார் நிலையங்களைத் தாக்கும் ஹார்ம் வகையின் புதிய வடிவமான ஏஏஆர்ஜிஎம்-இஆர் எஃப்-35-க்குள் போக வேண்டியிருந்தது. உடலின் நடுவில் இருந்த பெரிய இறக்கைகளை அகற்றி, பக்கவாட்டில் ஒட்டிய நீண்ட விளிம்புகளை வைத்தார்கள், உடலையும் சற்றுப் பருமனாக்கி உள்ளே பெரிய ராக்கெட் மோட்டாரை வைத்தார்கள். சு-57-க்கான கேஎச்-59எம்கே2-இன் உடல் 40 சென்டிமீட்டர் சதுரம், இறக்கைகள் மடியும். அறையின் மூலையைக்கூட வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் அதில் தெரிகிறது. துளைக்கும் குண்டுக்கு அந்தச் சதுர உடல் ஒத்துவராது. தரைக்குள் போகும் எஃகு உருளையாகவே இருந்தாக வேண்டும்.

ராக்கெட் எப்படி உதவுகிறது?

உயரத்திலிருந்து விழும் குண்டின் வேகத்துக்குக் காற்றே ஓர் எல்லை போட்டுவிடும். விநாடிக்கு 300 மீட்டரை ஒட்டிய வேகம் என்று வைத்துக்கொள்வோம். 2,000 கிலோ குண்டு அந்த வேகத்தில் மோதினால் அதன் இயக்க ஆற்றல் 90 மெகாஜூல். 900 கிலோ குண்டுக்கு 40 மெகாஜூல்தான். இப்போது 900 கிலோ ஏவுகணையில் ஒரு பகுதி ராக்கெட் எரிபொருளாக எரிந்து தீர்ந்து, மிச்சம் 600 கிலோ விநாடிக்கு 600 மீட்டரில் மோதுகிறது என்றால் 108 மெகாஜூல். எடையில் மூன்றில் ஒரு பங்கை இழந்தும் பெரிய குண்டை முந்திவிட்டது. வேகம் இருமடங்கானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்ற பள்ளிக்கூடப் பாடம்தான்.

துளைக்கும் ஆழம் ஆற்றலைப் போல அப்படியே நான்கு மடங்காகாது, அதைவிடக் குறைவாகவே ஏறும். ஆனாலும் திசை தெளிவு. அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 2010-களின் தொடக்கத்தில் முன்வைத்த அதிவேகத் துளைப்பு ஆயுதத் திட்டத்தின் நோக்கமும் இதுவே: 2,270 கிலோ குண்டு செய்யும் வேலையை 900 கிலோ வகையில் ராக்கெட் உதவியோடு செய்ய வேண்டும், அது எஃப்-35-க்குள் அடங்க வேண்டும்.

இன்னொரு லாபம் தூரம். ராக்கெட் உள்ள ஆயுதத்தை இலக்குக்கு நேர் மேலே போய்ப் போட வேண்டியதில்லை.

இது புதிய யோசனையா?

இல்லை, 80 வயதைத் தாண்டிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படையில் பணியாற்றிய எட்வர்ட் டெரல் என்பவர் போருக்கு முன் வழக்கறிஞர். ஜெர்மனியின் நீர்மூழ்கிக் கொட்டடிகளின் கான்கிரீட் கூரைகளை உடைக்க ராக்கெட் பொருத்திய ஒரு குண்டை அவர் முன்மொழிந்தார். அதன் பெயர் டிஸ்னி. நீளம் 5 மீட்டர், விட்டம் 28 சென்டிமீட்டர், எடை சுமார் 2,040 கிலோ. மேலே போட்ட கணக்கை இதற்கும் போட்டால், ராக்கெட்டையும் சேர்த்து, சதுர சென்டிமீட்டருக்கு 3.3 கிலோ வருகிறது. இன்றைய ஜிபியு-57-ஐ விட அதிகம்!

6 கிலோமீட்டர் உயரத்தில் விமானம் அதைக் கைவிடும். ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரை சும்மா விழும். அங்கே காற்றழுத்தக் கருவி வேலை செய்து வாலில் உள்ள 19 சிறு ராக்கெட்டுகளையும் ஒரே நேரத்தில் பற்றவைக்கும். மோதும்போது வேகம் விநாடிக்கு 440 மீட்டர், ஒலியை விட வேகம். 5 மீட்டர் கான்கிரீட்டைத் துளைக்க வேண்டும் என்பது இலக்கு. வெடிமருந்து 230 கிலோதான். அமெரிக்காவின் பி-17 விமானங்களின் அறைக்குள் இந்த நீளம் நுழையவில்லை, ஆகவே இறக்கைக்கு ஒன்றாக வெளியே தொங்கவிட்டார்கள். நீளம் அன்றைக்கே இடித்திருக்கிறது.

1945 பிப்ரவரி 10 அன்று நெதர்லாந்தின் ஐமாய்டன் துறைமுகத்தில் முதல் தாக்குதல். பிறகு மார்ச் இறுதியில் பிரேமன் அருகே வாலண்டின் என்ற பிரம்மாண்ட நீர்மூழ்கிக் கட்டுமானக் கூடத்தின் மீதும் போட்டார்கள். வழிகாட்டும் கருவி எதுவும் இல்லாததால் பெரும்பாலானவை இலக்கைத் தொடவே இல்லை. குண்டின் யோசனை சரி, குறிபார்க்கும் தொழில்நுட்பம் அப்போது வளரவில்லை.

பிரான்ஸின் டுராண்டல் இன்னொரு கிளை. ஓடுபாதைகளை உடைப்பதற்கானது. 200 கிலோ சொச்சம். தாழ்வாகப் பறக்கும் விமானம் அதைப் போட்டதும் பாராசூட் விரிந்து வேகத்தைக் குறைக்கும், குண்டின் மூக்கு தரையை நோக்கித் திரும்பும், அப்போது ராக்கெட் எரிந்து ஓடுபாதைக்குள் குத்தி இறக்கும். எதிரியின் தலைக்கு மேலேயே பறக்க வேண்டும் என்பது அதன் பெரிய குறை.

4 மீட்டருக்குள் ராக்கெட்டுக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம்?

இந்த ஆயுதத்தின் முக்கியமான இழுபறி இங்கேதான். திட ராக்கெட் எரிபொருள் லேசானது, கன சென்டிமீட்டருக்கு 1.8 கிராமை ஒட்டி. எஃகு 7.8 கிராம். 35 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருளையில் ஒரு மீட்டர் நீளத்தை எரிபொருளால் நிரப்பினால் 170 கிலோதான் வரும். அதே இடத்தில் கெட்டி எஃகை வைத்தால் 750 கிலோ. அதாவது ராக்கெட் எடையைத் தின்பதைவிட இடத்தை அதிகம் தின்கிறது. நம்மிடம் குறைவாக இருப்பதோ நீளம்.

ஒரு மீட்டரை ராக்கெட்டுக்குக் கொடுத்தால் துளைக்கும் உடல் ஒரு மீட்டர் குட்டையாகும். குட்டையானால் சதுர சென்டிமீட்டருக்குப் பின்னால் இருக்கும் எடை குறையும். வேகத்தில் சம்பாதித்ததில் ஒரு பங்கை இங்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். இதற்கு நடுவே வழிகாட்டும் மின்னணு, மின்கலம், துடுப்புகளை அசைக்கும் மோட்டார்கள், வெடிக்கவைக்கும் ஃபியூஸ் எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். துளைக்கும் உடலை ராக்கெட்டை விட ஒல்லியாக்கி எடையை ஒரு சிறு வட்டத்துக்குள் குவிப்பது ஒரு வழி. பிஎல்யு-116 என்ற அமெரிக்கக் குண்டு வெளியே பிஎல்யு-109 போலவே தெரியும். லேசான உறைக்குள் ஒல்லியான, கனமான துளைப்பான் ஒன்று இருக்கும். மோதும்போது உறை கழன்றுவிடும். ராக்கெட் இல்லாமலேயே துளைப்பு ஆழம் கிட்டத்தட்ட இருமடங்கானது. ராக்கெட் ஏவுகணைக்கும் இந்தப் பாதை பொருந்தும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

விலையாகக் கொடுப்பது வெடிமருந்தை. ஒல்லியான உடலுக்குள் அதிகம் அடங்காது. உள்ளே போனாலும் பெரிய அறையைச் சிதைக்கப் போதாமல் போகலாம்.

வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால்?

ஒரு கட்டத்துக்கு மேல் பலன் தலைகீழாகும். மிக அதிக வேகத்தில் கான்கிரீட்டோடு உரசும் எஃகு மூக்கு தேய்ந்து மழுங்கும். மழுங்கிய மூக்கு மேலும் எதிர்ப்பைச் சந்திக்கும். நீண்ட உடல் கொஞ்சம் சாய்வாக மோதினாலும் வளையலாம், முறியலாம். வேகம் கூடக் கூட இந்தச் சாய்வுக்கான இடைவெளி சுருங்குகிறது. ஆகவே ராக்கெட் உள்ள ஆயுதத்தில் எந்தக் கோணத்தில் மோதுகிறது என்பதைக் கட்டுப்படுத்துவது இலக்கைத் தொடுவதற்குச் சமமான முக்கியத்துவம் கொண்டது.

ராக்கெட்டை எப்போது பற்றவைப்பார்கள்? விமானத்துக்குள்ளேயா?

ஒருபோதும் இல்லை. அறையிலிருந்து விசையோடு கீழே தள்ளிவிட்டு, விமானத்தை விட்டுப் போதுமான தூரம் விலகிய பிறகுதான்.

உடனே எரித்தால் தூரம் கிடைக்கும், ஆனால் இலக்கை அடையும்போது வேகத்தில் ஒரு பங்கைக் காற்று தின்றிருக்கும். கடைசியில் எரித்தால் மோதும் வேகம் முழுசாகக் கிடைக்கும், தூரம் போய்விடும். டிஸ்னியும் டுராண்டலும் இரண்டாவது வழி.

அறைக் கதவு திறந்ததும் உள்ளே காற்று புகுந்து கடுமையாக அதிரும். அந்த அதிர்வை ராக்கெட் எரிபொருளும் மின்னணுவும் தாங்க வேண்டும். கதவு திறந்திருக்கும் சில விநாடிகள் விமானம் ரேடாருக்குத் தெரியும் நேரமும்கூட, ஆகவே தள்ளிவிடும் வேலை சட்டென்று முடிய வேண்டும்.

உள்ளே போன பிறகு சரியான இடத்தில் வெடிப்பது எப்படி?

ஃபியூஸின் வேலை அது. பழைய முறையில், மோதிய பிறகு இத்தனை மில்லிவிநாடி கழித்து வெடி என்று முன்கூட்டியே அமைத்துவிடுவார்கள். புதியவை வேகக் குறைவை உணர்கின்றன: கான்கிரீட்டுக்குள் போகும்போது திடீரென எதிர்ப்பு, அறைக்குள் நுழைந்ததும் எதிர்ப்பு இல்லை, அடுத்த தளத்தில் மறுபடி எதிர்ப்பு. இப்படித் தளங்களை எண்ணி வேண்டிய மாடியில் வெடிக்கலாம். இத்தனை அதிர்ச்சியையும் தாங்கி உயிரோடு இருக்கும் மின்னணுவைச் செய்வதுதான் கடினம். ராக்கெட் வேகத்தைக் கூட்டினால் அதிர்ச்சியும் கூடும். எஃகைவிட ஃபியூஸ்தான் முதலில் தோற்கும்.

கூரையைத் துளைத்தால் வெற்றிதானே?

கூரைக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருந்தால் மட்டுமே அப்படிப் பேசலாம். 1991 பிப்ரவரி 13 அதிகாலை பாக்தாத்தின் அமிரியா பகுதியில் ஒரு பாதுகாப்பு நிலவறை மீது எஃப்-117 விமானங்கள் இரண்டு லேசர் குண்டுகளைப் போட்டன. ஸ்டெல்த் விமானத்தின் அறைக்காகத் துடுப்பைச் சிறிதாக்கிச் செய்தார்கள் என்று மேலே சொன்ன அதே ஜிபியு-27. முதல் குண்டு கூரையைத் திறந்தது, இரண்டாவது உள்ளே போய் வெடித்தது. அது ராணுவக் கட்டளை மையம் என்று அமெரிக்கா சொன்னது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்தவர்கள் பொதுமக்கள், பெண்களும் குழந்தைகளுமே அதிகம். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்று விமானமும் குண்டும் ஃபியூஸும் வடிவமைத்தபடியே வேலை செய்தன. இந்த ஆயுதங்களின் துல்லியத்தைப் பற்றிப் பேசும் எந்தக் கட்டுரையும் அமிரியாவைத் தவிர்த்துவிட்டுப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

ராக்கெட் இல்லாமல் வேறு வழி உண்டா?

உண்டு, சில நல்ல வழிகளே உண்டு. பிரிட்டன் உருவாக்கிய புரோச் என்ற இரட்டை வெடிமுனையில், முன்னால் இருக்கும் வெடி கான்கிரீட்டில் துளையைத் திறந்துவிடும், பின்னால் வரும் துளைப்பான் அந்தத் துளை வழியே உள்ளே போய் வெடிக்கும். ஸ்டார்ம் ஷேடோ ஏவுகணையிலும் ஜேசாவ்-சி-யிலும் இது இருக்கிறது. அதிக வேகம் தேவையில்லை என்பதால் மெதுவாகப் பறக்கும் ஆயுதத்துக்கும் பொருந்தும்.

இன்னொன்று, சிறியதாகச் செய்து பலவற்றைச் சுமப்பது. ஜிபியு-39 என்ற சிறு குண்டின் விட்டம் 19 சென்டிமீட்டர், எடை 130 கிலோவை ஒட்டி, ஆனால் ஒரு மீட்டர் அளவு வலுவூட்டிய கான்கிரீட்டைத் துளைக்கும். எஃப்-35-க்குள் எட்டு வைக்கலாம். விமானக் கொட்டகைகளுக்கு இதுவே போதும். அங்கே போய் 900 கிலோ ராக்கெட் ஏவுகணையைச் செலவழிப்பதில் அர்த்தமில்லை.

ஃபோர்டோ போன்ற இடத்தை எஃப்-35-க்குள் அடங்கும் ஏவுகணை உடைக்குமா?

உடைக்காது. ஃபோர்டோவின் கூடங்கள் மலைக்குக் கீழே 80 மீட்டருக்கும் மேல் ஆழத்தில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது. ஜிபியு-57கூட ஒரே குண்டில் அதைச் செய்யவில்லை. அமெரிக்கத் தளபதிகள் பிறகு விளக்கியபடி, இரண்டு காற்றோட்டக் குழாய்களைக் குறிவைத்து ஒவ்வொன்றுக்கும் ஆறு குண்டுகள். முதல் குண்டு மேல் மூடியைப் பெயர்க்க, அடுத்தவை அந்த வழியே இறங்கின.

4 மீட்டர், 900 கிலோ என்ற சட்டகத்துக்குள் எத்தனை சாமர்த்தியமாக ராக்கெட்டை அடக்கினாலும் அது ஜிபியு-28-இன் இடத்தை எட்டலாம், சற்றுத் தாண்டலாம். கட்டளை மையங்கள், ஏவுகணைக் கிடங்குகள், சுரங்க வாசல்கள் ஆகியவை அதன் உண்மையான இலக்குகள். மலைக்கு அடியில் இருப்பதற்கு ஒன்று பெரிய குண்டுவீச்சு விமானம் வேண்டும், இல்லையேல் விமானமே வேண்டாம் என்று தரையிலிருந்து ஏவ வேண்டும். தென் கொரியா இரண்டாவது பாதையில் போகிறது. 2024 அக்டோபர் 1 அணிவகுப்பில் அது காட்டிய ஹியூன்மூ-5 ஏவுகணையின் வெடிமுனை 8 டன் வரை இருக்கும் என்று சொல்லப்படுகிறது. கனமான லாரியின் மேல் ஏற்றிவரும் ஆயுதத்துக்கு அறைக் கதவு என்ற தொல்லை கிடையாது.

இந்தியாவுக்கு இதில் என்ன வேலை?

இந்தியாவின் ஸ்டெல்த் போர் விமானமான ஆம்கா பெங்களூரில் உள்ள ஏடிஏ (ஏரோநாட்டிகல் டெவலப்மென்ட் ஏஜென்சி) நிறுவனத்தின் வடிவமைப்பு. 2024 மார்ச்சில் மத்திய அமைச்சரவையின் பாதுகாப்புக் குழு சுமார் 15,000 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது. அதன் உள்ளறையின் கொள்ளளவு 1,500 கிலோ என்று சொல்லப்பட்டிருக்கிறது. இரண்டு 900 கிலோ ஆயுதங்களை வைத்தாலே 1,800 கிலோ ஆகிவிடுகிறது. வான்போர் ஏவுகணைக்கும் இடம் விட வேண்டும். ஆகவே ஆம்காவுக்கான துளைப்பு ஆயுதம் எஃப்-35-க்குச் செய்வதைவிட லேசாக, 500 முதல் 600 கிலோவுக்குள் இருந்தாக வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. எடை அப்படிச் சுருங்கும்போது வேகத்தைத் தரும் ராக்கெட்டின் தேவை இன்னும் கூடுகிறது.

விமானத்திலிருந்து ஏவும் திட எரிபொருள் ஏவுகணையில் இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு அனுபவம் இருக்கிறது. ருத்ரம்-2 ஏவுகணையை 2024 மே 29 அன்று ஒடிசா கடற்கரைக்கு அப்பால் சு-30 விமானத்திலிருந்து ஏவிச் சோதித்தார்கள். சு-30-இல் அது வெளியே தொங்குகிறது, நீளத்தைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. அந்த வரிசையில் மடியும் துடுப்பும் குட்டையான மோட்டாரும் ஒல்லியான எஃகு முனையும் கொண்ட ஒரு வடிவத்தை ஆம்கா பறக்கத் தொடங்கும் முன்பே வரைந்து, மரத்தில் ஒரு மாதிரி செய்து அறைக்குள் வைத்துப் பார்ப்பது நல்லது.